தொண்டைக்குள் ஒரு டேனரி

ஆம்பூர் பைபாஸில் பிரியாணிக் கடைக்குக்கூட அவ்வளவு கூட்டமில்லை. அடுத்த கொட்டகையில், தொக்கம் எடுக்கும் ஏசுராஜ் வாசலில்தான் கியூ. பித்தளைக் குழலைத் தொண்டையில் வைத்து ஒரே உறிஞ்சு. தட்டில் சிவப்பாக ஒரு சதை விழும். கத்தி இல்லை, தையல் இல்லை. பாவம், டாக்டர்கள்தான் வருஷக்கணக்கில் படித்து வீணாகிறார்கள்.

சுந்தரியும் நின்றாள். ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நாற்பது மிஷின் சத்தத்துக்கு மேல் ஆறு வருஷம் தொண்டை கிழியப் பேசியதில், மூன்று மாதமாக வெறும் காற்றுதான் வருகிறது. குரல் திரும்பாவிட்டால் சூப்பர்வைசர் வேலை போய்விடும். வேலூர் டாக்டர் கேமரா விட்டுக் காட்டியிருந்தார்: ஒரு குரல் நாணில் பாலிப் என்கிற சதை வளர்ச்சி, அது உரசி உரசி எதிர் நாணில் காய்ப்பு. ஆபரேஷனும் வேண்டும், பேச்சுப் பயிற்சியும் வேண்டும் என்றார். ஆபரேஷன் என்றதும் சுந்தரி சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

துணைக்கு வந்தவள் ஜஹீருன்னிசா, தோல் பதனிடும் டேனரியில் தோலைச் சோதிக்கிறவள்.

ஏசுராஜ் உறிஞ்சினான், துப்பினான். கூட்டம் கைகூப்பியது. சுந்தரி இரண்டு விரலைக் காட்டினாள்.

"இன்னாம்மா?"

"டாக்டரு ரெண்டு பக்கமும் இருக்குதுன்னாரு," என்றாள் ஜஹீருன்னிசா.

"அதுவும் வரும்." வந்தது. அதே அளவு, அதே சிவப்பு.

ஜஹீருன்னிசா விரலால் தேய்த்துப் பார்த்தாள். "அண்ணே, இது சதைதானே?"

"சத்தியமா சதை."

"அப்போ கொதிக்கிற தண்ணில சுருங்கணும்."

பிரியாணிக் கடையில் ஒரு சட்டித் தண்ணீர் கொதித்தது. ஒரு கறித்துண்டோடு அந்த இரண்டும் உள்ளே போயின. மூன்று நிமிஷத்தில் கறி சுருண்டு பாதியானது. ஏசுராஜின் சதை இம்மியும் சுருங்கவில்லை. சாயம் மட்டும் கழன்று, இளநீலமாக மிதந்தது.

குரோம் உப்பில் பதம் பண்ணிய தோல் நீலமாகிவிடும், கொதித்தாலும் சுருங்காது. டேனரியில் தினமும் செய்கிற சோதனை. கியூவில் பாதிப்பேர் டேனரி ஆட்கள். "வெட்ப்ளூ," என்று அந்த நீலத் தோலின் பெயரைச் சொன்னார் ஒருவர், தலையைச் சொறிந்தபடி.

"தொண்டைக்குள்ளயே தோல் பதம் பண்ணிட்டியா சுந்தரி?" என்றாள் ஜஹீருன்னிசா. "மொதலாளிக்குத் தெரிஞ்சா உன் கழுத்தையே வாடகைக்குக் கேப்பாரு."

எல்லாரும் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஏசுராஜ் பஸ் ஏறிவிட்டான்.

சுந்தரி டாக்டர் சீட்டைக் காட்டி லீவு வாங்கி, ஆபரேஷன் செய்துகொண்டாள். சொன்ன நாள்வரை வாயைத் திறக்கவில்லை, பயிற்சியையும் விடவில்லை. குரல் வந்தது, வேலையும் தங்கியது. ஏசுராஜ் இப்போது அரக்கோணத்தில் கிட்னிக் கல் உறிஞ்சுகிறானாம். சாப்பாட்டு நேரத்தில் லைனில் ஒருத்தி அவன் அட்ரஸ் கேட்டாள்.

சுந்தரி கத்தவில்லை. தெளிவாகவே கேட்டாள்: "தோல்ல ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிச்சு ரிஜெக்ட் பண்றோமே, கம்பெனி கேட்டைத் தாண்டினதும் அந்தக் கண்ண எங்க கழட்டி வெச்சிட்டுப் போறோம்?"