தென்னூர்ச் சாய்வுப் போர்

கேளீர், கேளீர்! நாற்காலிக்கு ஏங்கும் நல்லோரே, மேலதிகாரி தும்மினால் தாம் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் மெய்யன்பரே, கேளீர்! உறையூர் ஈன்ற ஒப்பிலா வீரன், கண்டதைக் கண்டபடி செய்வதில் மலைக்கோட்டைக் குரங்குகளுக்கும் பாடம் சொல்லவல்ல பேராசான், தென்னூர் லாரி புக்கிங் ஆபீசின் முக்காலியில் வீற்றிருந்த குமாஸ்தா செல்லக்கண்ணு, நயா பைசா வந்த வருஷத்து ஐப்பசியில் ஆடிய அரும்போரை அடக்கத்தோடு பாடுகின்றோம். அடக்கம் எமக்கு. அவனுக்கு அது யாரிடமும் பார்க்கக் கிடைக்கவில்லை.

பிறந்தது முதல் சொந்தமாக ஒரு பழக்கமும் இல்லாத அப்பெருந்தகை, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து நாள்தோறும் டவுன் பஸ்ஸில் வந்திறங்கும் மேனேஜர் அழகிய மணவாள ஐயங்காரையே கண்கண்ட குருவாகக் கொண்டான். அவர் குடையைச் சட்டைக் காலரின் பின்புறம் மாட்டினால் இவன் முதுகிலும் குடை தொங்கும். அவர் எதற்கும் "ஐ ஸீ" என்பார். இவனும் சொன்னான், ஆபீசில் சொன்னது போதாமல் வீட்டிலும் சொன்னான்.

"என்னங்க, கொழம்பு ஊத்தவான்னு கேட்டா ஐ ஸீங்கறீங்களே, ஊத்தவா வேணாமா?" என்று மனைவி வெள்ளையம்மாள் கரண்டியும் கையுமாக நின்ற நாட்கள் பல. பெரிய மனிதர் ஆவதற்கு முன் சிலகாலம் குழம்பில்லாமல் உண்ண நேரும் என்பதை அப்பேதை அறிந்தாளில்லை.

இவ்வாறிருக்க, ஹெட் கிளார்க் ஓய்வு பெற்றார். கைப்பிடி வைத்ததும், பிரம்பு பின்னியதும், மின்விசிறிக்கு நேர் கீழே வீற்றிருப்பதுமான அவருடைய அரியணை காலியானது. அதற்குரியவர் யார் என்பதை வெள்ளிக்கிழமை மாலை சொல்வதாக மேனேஜர் அறிவித்தார். செல்லக்கண்ணுவோ நாற்காலி தனக்கே என்று வெள்ளையம்மாளிடம் சொல்லிவிட்டான். அவள் தெருவுக்கே சொல்லிவிட்டாள். இனி வெறுங்கையோடு வீடு திரும்ப வழியில்லை.

எதிர்த்து நின்றவன் பக்கத்து முக்காலித் தைரியராஜ். செல்லக்கண்ணு மேனேஜரைப் பார்த்துச் செய்வதை, அவனைப் பார்த்துத் தான் செய்யும் இரண்டாந்தரக் குரங்கு அவன். மூலையில் இருந்த அப்துல் சுக்கூர் எவரையும் பார்த்தாரில்லை. மூக்குப்பொடி போடுவார், தும்முவார், வேலையைப் பார்ப்பார். அவரை ஓர் ஆளாக யாரும் எண்ணவில்லை.

விடிந்தது வெள்ளி. வந்தார் மேனேஜர். அமர்ந்தாரா? அமர்ந்தும் அமராமல், இடப்பக்கம் சரிந்து, வலப்பக்கத்தை நாற்காலியில் படாமல் உயர்த்தி, புருவம் நெரித்து, உதடு கடித்து, காண்போர் கைகூப்பும் கம்பீரத்தோடு இருந்தார். கதவிடுக்கில் கண்ட செல்லக்கண்ணுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகையே ஆள்கிற ரங்கநாதர் நிமிர்ந்தா உட்கார்ந்திருக்கிறார்? சாய்ந்துதானே இருக்கிறார்! அந்த ஊர்க்காரர் சாய்கிறார் என்றால், சாய்வே பதவிக்கு அழகு. நிமிர்ந்திருப்பது முக்காலிப் புத்தி. இந்த ஞானம் பிறந்த அக்கணமே அவனும் இடப்பக்கம் சாய்ந்தான். உதட்டைக் கடிக்கவும் மறந்தானில்லை.

பார்த்தான் தைரியராஜ், அவனும் சாய்ந்தான். இவன் ஒரு விரற்கடை சரிய, அவன் இரு விரற்கடை சரிந்தான். சரக்கு விசாரிக்க வந்த வியாபாரிகள், ஆடும் கப்பலில் ஏறியவர்போல் சரிந்திருந்த இருவரையும் கண்டு திகைத்து, தாங்களும் சற்றே தலையைச் சாய்த்துப் பேசிப் போயினர். காலை கழிந்தது. தொடை துடித்தது, இடுப்பு இற்றது, இடக்கால் மரத்து அயலான் கால்போல் ஆயிற்று. பசித்தும் எவனும் எழவில்லை.

"சாயறதுன்னா இப்படிச் சாயணும்டா!" என்று முழங்கினான் தைரியராஜ்.

"ஐ ஸீ" என்று கர்ஜித்தான் செல்லக்கண்ணு.

மாலை நெருங்கியது. உள்ளே மேனேஜர் நாற்காலியை நகர்த்தும் ஓசை கேட்டது. இதோ, தீர்ப்பு! குருநாதர் கண்ணில் படும்போது தன் சாய்வே பெரிதாக இருக்கவேண்டும் என்று நாயகன் கடைசி விரற்கடையும் சரிய, மூன்றே கால்களையுடைய அவ்வாசனம் அத்தனை லட்சியத்தைத் தாங்காமல் புரண்டது. அவன் தைரியராஜ்மேல் விழ, தைரியராஜ் மேசைமேல் விழ, மைக்கூடு இருவர்மேலும் விழுந்தது.

கதவு திறந்தது. தரையில் கிடந்தபோதும் இருவரும் இடப்பக்கமே சாய்ந்து கிடந்தனர்.

"என்ன ஓய் இது!" என்று சீறினார் மேனேஜர், கதவைப் பிடித்துக்கொண்டு. "காலம்பரலேருந்து பாத்துண்டிருக்கேன். உட்கார்ற எடத்துல கட்டி வந்து நான் உயிரை விட்டுண்டிருக்கேன், என்னைப் பாத்துப் பரிகாசமா பண்றேள்? சுக்கூர் பாய்! நாளைலேருந்து நீர்தான் ஹெட் கிளார்க்."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, பொடி போட்டுத் தும்மினார் அப்துல் சுக்கூர்.

வீழ்ந்த வேந்தன் எழுந்தான். முகமெல்லாம் மை. வாசலில் காத்திருக்கும் வெள்ளையம்மாளுக்கும், அவள் பின்னே காத்திருக்கும் தெருவுக்கும் என்ன சொல்வது என்று நினைத்தபோது அவன் நெஞ்சு உண்மையிலேயே வலித்தது. குடை பின்காலரில் ஆட, மரத்த காலை இழுத்து இழுத்து உறையூர் நோக்கி நடந்தான். தன் கண்ணே தனக்குப் பகையானதை எண்ணி, இனிப் பிறர்போல் இரேன் என்று காவிரிமேல் ஆணையிட்டு, ஐ ஸீயைத் துறந்து, குடையைக் கையில் ஏந்தி, தான் தானாகவே வாழப்போகும் தனிப்பெரும் வாழ்வை மனக்கண்ணால் கண்டு, மெய்ஞ்ஞானம் தலைக்கேறத் தெருமுனையை அடைந்த அத்திருமகன் சற்றே நின்றான்.

பெட்டிக்கடையில் பொடி வாங்கினான்.