எத்தவச்சி அண்ணாத்தே அடுக்கிய பட்டியல்

அன்றைக்கு அறையில் இருந்தவர்கள்: முதலாளி, ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் குடியிருப்புச் சங்கச் செயலாளர், அவரோடு வந்த வெல்டர், இரவல் டையோடு நான். இல்லாதவர்: எத்தவச்சி அண்ணாத்தே. டீ வாங்கப் போயிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவரைப்போல் என் உயிரை வாங்கிய மனிதர் இன்னொருவர் கிடையாது.

லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி. அவர் சீனியர் புரோகிராமர். எதை அடுக்கச் சொன்னாலும் "எத்த வச்சி?" என்று கேட்பார். டிபன் பாக்ஸை ஓரமாக அடுக்குங்கள் என்றால், "எத்த வச்சி? சைஸ வச்சா, கொயம்ப வச்சா?" ஒருநாள் ரயில்வே கவுன்டரில், "எறங்குற ஸ்டேஷன வச்சி நில்லுங்கப்பா" என்று க்யூவையே கலைத்து, என் ரயிலைக் கோட்டைவிட வைத்தார்.

சங்கத்துக்கு, வீடு கேட்டுக் காத்திருக்கும் தொழிலாளர் பட்டியல் வேண்டும். பெயர், வயது, சர்வீஸ், பிரிவு, சம்பளம் என்று ஐந்து விதமாக வரிசைப்படுத்தவேண்டும். ஒரு வாரம் கண்விழித்து ஐந்து புரோகிராம் எழுதினேன். பட்டியல் சரியாகப் போனால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் என்று முதலாளி சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவோ அதற்குள் திருநின்றவூர் முழுக்க, "பையனுக்குப் பர்மனென்ட்டு" என்று சொல்லிவிட்டார்.

அண்ணாத்தே என் ஐந்தையும் மெஷினிலிருந்து தூக்கிவிட்டார்.

"இன்னா நைனா, ஒரே வேலய அஞ்சு தபா எய்திக்கீறே? நாளைக்கு அந்தச் சங்கத்துக்காரரு, புள்ளைங்க எத்தினின்னு வச்சிக் கேப்பாரு. ஆறாவது எய்துவியா?"

அவர் வைத்தது ஒரே புரோகிராம். பட்டியலின் எந்தத் தலைப்பை அடிக்கிறோமோ, அதை வைத்து அடுக்கும். மெஷினையும் தன்னைப்போல் ஆக்கிவிட்டார்!

அன்றைக்கு அறையில், "சர்வீஸ் அதிகமா இருக்கிறவங்க மேல வரட்டும் தம்பி" என்றார் செயலாளர். அடித்தேன். பிரிண்டர் கத்தித் தீர்த்தது. முதலில் ஒன்பது வருடக்காரர். அடுத்து எட்டு. பிறகு ஏழு. அதற்கும் கீழே முப்பத்தொன்று. அது அந்த வெல்டர்.

"இன்னா தம்பி, நேத்து வந்தவன் மேல கீறான், முப்பத்தோரு வருசம் பொகைய முயுங்குனவன் கீய கீறேன்? அப்போ ஊடு அவனுக்கா?"

முதலாளி என் டையையே பார்த்தார்.

டீயோடு உள்ளே வந்த அண்ணாத்தே தாளைப் பார்த்தார். எண்களையும் எழுத்துகளைப்போலப் படித்து, முதல் இலக்கத்தை வைத்தே அடுக்கியிருக்கிறது மெஷின். அதற்கு முப்பத்தொன்றின் மூன்றைவிட ஒன்பது பெரிது! பழி என் தலையில் விழப்போகிறது என்று நின்றேன்.

"நான் எய்துனது சார். பையன் எய்துனதுல கரீட்டா வந்துச்சு. நான்தான் தூக்கிட்டேன்."

உட்கார்ந்தார். மூன்றே வரி. எண்ணை எண்ணாகப் பார் என்று மெஷினுக்குச் சொன்னார். வெல்டர் உச்சிக்கு ஏறினார். செயலாளர் தயங்கித் தயங்கி, "பிள்ளைங்க எண்ணிக்கைய வச்சும் வருமா?" என்று கேட்டார். பட்டியலில் அந்தத் தலைப்பும் இருந்தது. வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. வேலையும் நிரந்தரமானது.

மறுவருடம் அவர் பூந்தமல்லிப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவருடைய டிராயரில் என் பெயர் எழுதிய ஃப்ளாப்பி ஒன்று கிடந்தது. உள்ளே என் ஐந்து புரோகிராமும் பத்திரமாக இருந்தன.

அந்தப் பட்டியலுக்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு: தாள் ஒரு கட்டு, டீ ஐந்து, ஃப்ளாப்பி ஒன்று. கடைசியில் சொன்னது மட்டும் அண்ணாத்தேயின் சொந்தக் காசு.