மன்னிச்சுக்கோ டாக்டரும் மூச்சு நின்ற குதிரையும்

தன்னைக் கடித்த நோயாளியிடம் தானே மன்னிப்புக் கேட்ட டாக்டர், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய பெயரைச் சொன்னால் பெங்களூர் கன்டோன்மென்டில் யாருக்கும் தெரியாது. "மன்னிச்சுக்கோ டாக்டர்" என்றால் ஜட்கா ஸ்டாண்டில் குதிரை கூடக் காதைத் தூக்கும்.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள். மிருக ஆஸ்பத்திரியில் அவர் டாக்டர், நான் குமாஸ்தா. ஆள் பற்றாத ஆஸ்பத்திரியாகையால் காலையில் பேனா பிடித்த கை மத்தியானம் எருமையின் வாலைப் பிடிக்கும். உத்தியோக உத்தரவில் இந்த வால் விஷயம் இல்லை.

டாக்டருக்கு இரண்டு பிடிவாதங்கள். மயக்க மருந்து கொடுக்காமல் எந்தப் பிராணியின் மேலும் கத்தி வைக்க மாட்டார். வைப்பதற்கு முன் அதன் காதருகே குனிந்து மன்னிப்புக் கேட்பார். அதுவும் பாஷை பார்த்து. தொம்மலூர்க் காளைக்குத் தமிழ், யலஹங்காப் பசுவுக்குக் கன்னடம், ஜட்கா குதிரைக்கு உருது, துரைமார் நாய்க்கு இங்கிலீஷ்.

"பழகின பாஷையில சொல்லணும் ரைட்டரே. இல்லாட்டி அது மன்னிப்பா? வெறும் சத்தம்" என்று என்னிடம் சொல்வார்.

ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி புல்டாக் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதை மேஜைமேல் ஏற்றும் அவசரத்தில் டாக்டர் அவள் காலை நன்றாக மிதித்துவிட்டார். அவள் அலறினாள். டாக்டர் நாயின் பக்கம் குனிந்து, "ஐ பெக் யுவர் பார்டன், சார்" என்றார். சீமாட்டி தன் பங்குக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். அது வரவேயில்லை.

தொம்மலூர் விவசாயி ஒருவர் கழுத்தில் சீழ்க்கட்டி வந்த காளையோடு வந்து, "நாலு பேரா புடிச்சிக்கினு கிழிச்சுடுங்க சாமி, மருந்து என்னாத்துக்கு?" என்றார்.

டாக்டருக்குக் கோபம். "உனக்குப் பல்லு புடுங்கறப்போ நாலு பேரா புடிச்சாங்க?"

"இல்லீங்க சாமி. எங்க அண்ணன் ஒருத்தன்தான். நெஞ்சு மேல குந்திக்கினான்."

டாக்டர் காளைக்கு மருந்து புகட்டிவிட்டு, மன்னிப்பை இருவரிடமும் சேர்த்துக் கேட்டார்.

புதிய குளோரோபாரம் புட்டி வந்தால் முதல் ஆவி அவருக்குத்தான். "நாம மோந்து பாக்காததை வாயில்லாப் பிராணிக்குக் கொடுக்கலாமா?" என்று கைக்குட்டையில் சில சொட்டு விட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்வார். ஒருமுறை, "நம்ம பெரிய துரையைப் பத்தி நான் என்ன நினைக்கிறேன்னா..." என்றவர் அப்படியே நின்றுபோனார். தபால்காரர் வந்து போனார். பியூன் டீ வைத்துவிட்டுப் போனான். டாக்டர் கண்ணைத் திறந்து, "...சுத்த மடையன்" என்று வாக்கியத்தை முடித்தார். பெரிய துரை அன்று ஊரில் இல்லாதது டாக்டரின் அதிர்ஷ்டம்.

அந்தப் பெரிய துரைதான் ஆஸ்பத்திரிக்குத் தலைவர். வேறு ஊரில் யாரோ ஒருவர் மயக்கம் கொடுத்த பந்தயக் குதிரை ஒன்று எழுந்திருக்காமலே போய்விட்டது என்று கேள்விப்பட்டு, இனி குதிரைக்குக் குளோரோபாரமே கூடாது என்று வாயாலேயே உத்தரவு போட்டார். மீறினால் வேலை போய்விடும்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு ஜட்காக்காரர் தன் குதிரையை நடத்திக்கொண்டு வந்தார். வயதானவர். குதிரைக்கு ராணி என்று பெயர். கழுத்துப்பட்டை உராய்ந்து உராய்ந்து தோளில் தேங்காய் அளவுக்குக் கட்டி. பட்டையைத் தொட்டாலே துள்ளியது. வண்டி வீட்டு வாசலில் சும்மா கிடந்தது.

"கட்டிப் போட்டு அறுத்தா தாங்காது சாப். கிழடு. பயத்துலயே பூடும்" என்றார் அவர். "சுட்டுடச் சொல்றாங்க. நான் எப்படி சாப் கூட்டிக்கினு போவேன்? என் பின்னாலேயே வரும், கயிறுகூட வேணாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "துரை எங்கே?"

"ஒசூர் பக்கம் காம்ப் சார். சாயங்காலம்தான் வருவார்."

"அப்போ வைக்கோலைப் பரப்பு."

கொட்டகையில் ராணியைக் கயிறு கட்டி மெதுவாகச் சாய்த்தோம். தோலால் செய்த முகமூடியை மாட்டி, உள்ளே பஞ்சில் மருந்தை நான் சொட்டுச் சொட்டாக விட்டேன். டாக்டர் குனிந்து, "மாஃப் கரோ பேட்டி" என்றார்; மன்னிச்சுக்கோ மகளே என்று அர்த்தம். கால்கள் தளர்ந்தன. கத்தி இறங்கியது. கட்டி முழுசாக வந்தது. கடைசித் தையலுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது ஜட்காக்காரர் சொன்னார்:

"சாப், வயிறு ஆடல்லே."

மூச்சு நின்றிருந்தது. டாக்டர் முகமூடியைப் பிய்த்து எறிந்தார். "நாக்கை இழு! வெளியே இழு!" என்று என்னிடம் கத்திவிட்டு, கோட்டைக் கழற்றாமலே குதிரையின் விலாவின்மேல் ஏறி உட்கார்ந்தார். எழுந்தார், உட்கார்ந்தார். மனிதர் ஒல்லி. ஒட்டகம் ஏறிய குழந்தை மாதிரி அவர் மேலும் கீழும் போய்வர, ஒவ்வொரு தடவையும் "மாஃப் கரோ, மாஃப் கரோ" என்று அவருக்கு மூச்சிரைத்தது. ஜட்காக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குதிரையின் நாக்கு என் கையில் வழுக்கிக்கொண்டே போனது.

"இங்கே என்ன நடக்கிறது?" என்று வாசலிலிருந்து ஓர் இங்கிலீஷ் குரல். பெரிய துரை. காம்ப் சீக்கிரம் முடிந்திருக்கிறது.

டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், ரைட்டருக்கு நாக்குப் பிடிக்கத் தெரியலை. நீங்க வாங்க" என்று இங்கிலீஷில் சொன்னார்.

என் உத்தியோகமும் சேர்ந்து போயிற்று என்று நினைத்தேன். துரை தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வைக்கோலில் மண்டியிட்டு, என்னை முழங்கையால் தள்ளிவிட்டு நாக்கைப் பிடித்தார். "இன்னும் அழுத்து" என்றார். டாக்டர் அழுத்தினார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ராணி ஒரு பெரிய தும்மல் தும்மியது. துரையின் முகம் முழுவதும் நுரை. அடுத்த மூச்சு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஜட்காக்காரர் சுவரோடு சரிந்து உட்கார்ந்து குழந்தை போல அழுதார்.

டாக்டர் இறங்கி மீதித் தையலைப் போட்டு முடித்தார். அத்தனை நேரம் முகமூடிக்குப் பக்கத்திலேயே இருந்த மனிதர். நூலை அறுத்ததும் அப்படியே வைக்கோலில் சாய்ந்து குறட்டைவிட ஆரம்பித்தார். ராணி தடுமாறி எழுந்து நின்றபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. ஜட்காக்காரர் தோளில் கிடந்த துண்டால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

துரை முகத்தைத் துடைத்துக்கொண்டு, குதிரையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். மறுநாள் புது உத்தரவு வந்தது: குதிரைக்குக் குளோரோபாரம் கொடுக்கலாம். ஆனால் இந்த டாக்டர் காற்று வரும் பக்கமாகத்தான் நிற்க வேண்டும்.

தோள் நன்றாக ஆறி, முதல் தடவையாக வண்டி பூட்டிய அன்று ஜட்காக்காரர் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரை அல்சூரில் அவர் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டுமாம். என்னையும் ஏறச் சொன்னார். நான் ஏறிவிட்டேன். டாக்டர் பையை மட்டும் வண்டியில் வைத்துவிட்டு, பட்டை உராய்கிறதா என்று தோளைப் பார்த்துக்கொண்டே குதிரையோடு நடக்க ஆரம்பித்தார்.

"ஏறுங்க சாப்!"

"முதல் நாளே எதுக்குய்யா பாரம்? நீ ஓட்டு."

டாக்டர் நடக்கும்போது தான் உட்காரக் கூச்சப்பட்டு ஜட்காக்காரரும் இறங்கி நடந்தார். இரண்டு பேர் நடக்க நான் மட்டும் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தால் நன்றாயிருக்குமா? நானும் இறங்கினேன். காலி ஜட்காவுக்குக் காவலாக மூன்று பேர் நடந்து போவதைக் கடைத்தெருவே எழுந்து நின்று பார்த்தது.

அல்சூர் ஏரி வரைக்கும் நடந்தோம். என் வீடு பிளாக்பள்ளியில், நேர் எதிர்த் திசையில். அதைச் சொல்ல அன்று எனக்குத் தோன்றவேயில்லை.