அலமாரியில் கடைசித் தட்டு

உயிரே போனாலும் அந்தத் தட்டை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மாணிக்கவாசகம் முடிவு செய்துவிட்டார்.

தட்டு என்றால் சாப்பிடுகிற தட்டு இல்லை. டெல்லி மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில், அவர் வீட்டு இரும்பு அலமாரியின் அடித்தட்டு. கல்யாணமான புதிதில் அலமாரி முழுக்க அவருடையதுதான். வடிவு ஒரு மூலையில் நாலு சேலையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, "எனக்கு இது போதுங்க" என்றாள். பாவி மனுஷன் அதை நம்பினார். ஒரு தீபாவளி மேளா வந்தது, மேல்தட்டு போயிற்று. ஒரு கைத்தறிக் கண்காட்சி வந்தது, நடுத்தட்டு போயிற்று. காஷ்மீர் சால்வைக்காரன் ஒருத்தன் வாசலில் மூட்டையை இறக்கினான், அதற்கடுத்த தட்டில் பாதி போயிற்று. மீதிப் பாதி எப்போது போயிற்று என்றே அவருக்குத் தெரியாது. இப்போது மிஞ்சியிருப்பது தரையோடு தரையாக இந்த ஒன்றுதான். அதில் ஒரு கம்பளிக் கோட்டு, இரண்டு ஸ்வெட்டர், ஆபீஸ் சட்டைகள். குனிந்து குனிந்து எடுத்து இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஆனாலும் சொந்தத் தட்டு. செக்ரடேரியட்டில் ஃபைல் தள்ளுகிறவனுக்கு வேறு என்னதான் சொத்து இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்!

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது கர்வா சௌத்.

ஏஷியாட் விளையாட்டுக்காக டெல்லி முழுக்க மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. புருஷன் ஆயுசுக்காக வடநாட்டுப் பெண்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், ராத்திரி நிலா வருகிறவரை பட்டினி கிடக்கிற நாள் கர்வா சௌத். பட்டினி கிடக்கட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் காலனி மைதானத்தில் ஷாமியானா போட்டு, சீரியல் பல்பு கட்டி, பெண்களுக்கென்றே ஒரு பஜார் வைப்பார்கள். வளையல், சேலை, பொட்டு, உதட்டுச்சாயம், நகப்பூச்சு, முகத்துக்குப் பூசுகிற களிம்பு. உலகத்தில் பெண்ணைப் பெண்ணாக்குகிற சாமான் அத்தனையும் அங்கே இருக்கும்.

"என்னங்க, இந்த வருஷம் நானும் விரதம் இருக்கப்போறேன்" என்றாள் வடிவு.

"திருநெல்வேலிக்காரிக்கு எதுக்குளா கர்வா சௌத்?"

"உங்க ஆயுசுக்குத்தான். பக்கத்து வீட்டு பம்மி பாபி சொல்லுதாங்க, ஒரு வருஷம் இருந்தாலே போதுமாம், நூறு வயசாம்."

"நூறு வயசு இருந்து நான் என்ன செய்ய?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். இப்போ பஜாருக்குக் கூட வருதீங்களா, இல்ல நான் பாபியோட போகவா?"

பாபியோடு போவதா! போன வருஷம் கைத்தறிக் கண்காட்சிக்குப் பாபியோடு போனதில்தான் நடுத்தட்டு போனது. மாணிக்கவாசகம் மாடிக்கு ஓடினார்.

மாடி வீட்டுக் கலியமூர்த்தி தஞ்சாவூர்க்காரர். அதே ஆபீஸ், அதே பஸ், அதே கவலை. விஷயத்தைக் கேட்டதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், பொம்பளைங்க எதால சாமான் வாங்கறாங்க?"

"இதென்னவே கேள்வி? பணத்தால."

"இல்லவே இல்ல. கையால! தொட்டுப் பாக்கணும், தடவிப் பாக்கணும், பிரிச்சுப் பாக்கணும். அந்தக் கையக் கட்டிப்புட்டா?"

"கையக் கட்டுறதா? போலீஸ் வந்துரும்வே!"

"மெஹந்தி சார், மெஹந்தி! பஜார் வாசல்லயே மருதாணி போடற பொம்பள உக்காந்திருப்பா. நேரா அங்க கூட்டிட்டுப் போங்க. ரெண்டு கைக்கும் போடச் சொல்லுங்க. அது காயறதுக்குள்ள பஜாரே முடிஞ்சிடும். பர்சைத் தொறக்க முடியாது, சேலையத் தொட முடியாது. சும்மா வேடிக்கை பாத்துட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்."

மாணிக்கவாசகத்துக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. "ஓய், நீரு இருக்க வேண்டிய இடம் நிதி மந்திரி நாற்காலிவே!" என்றார். கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான மனுஷன் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

யோசனை கையில் வந்ததும் திமிரும் வந்துவிட்டது. கிளம்புமுன் வடிவைக் கூப்பிட்டு ஒரு சட்டமே போட்டார்.

"இதோ பாரு. இனிமே இந்த வீட்டுல யாரு வாங்குதாங்களோ, அவங்க தட்டுலதான் வைக்கணும். அடுத்தவங்க தட்டுப் பக்கம் எட்டிப் பாக்கப்படாது. சம்மதமா?"

"சரிங்க."

"என்ன சொன்னே?"

"நீங்க சொன்னா சரிதாங்க."

கல்யாணமான நாளிலிருந்து வடிவு ஒரே பேச்சில் சரி என்று சொன்னது அன்றைக்குத்தான். வேறு யாராயிருந்தாலும் அந்த நிமிஷமே சுதாரித்திருப்பார்கள். மாணிக்கவாசகம் சீட்டியடித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

பஜார் வாசலில் மெஹந்திக்காரி உட்கார்ந்திருந்தாள். வடிவு தயங்கித் தயங்கி ஒரு கையை நீட்டினாள்.

"ஒரு கைக்குப் போதுங்க."

"ரெண்டு கையையும் நீட்டு!"

"அவ்வளவு எதுக்குங்க?"

"நாளும் கிழமையுமா என்ன கஞ்சத்தனம்? முழங்கை வரைக்கும் போடச் சொல்லு. கைக்கு அந்தப் பக்கமும் போடச் சொல்லு!"

சுற்றியிருந்த பெண்களெல்லாம், இவ்வளவு ஆசையான புருஷனா என்று வாயைப் பிளந்தார்கள். போட்டு முடித்ததும் வடிவு இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு தூக்கத்தில் நடக்கிறவளைப் போல எழுந்தாள். மாணிக்கவாசகத்துக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தட்டு பிழைத்தது!

"என்னங்க, இந்தப் பர்சை உங்க கழுத்துல மாட்டிக்கிடுங்க. மருதாணி பட்டுரும்."

மாட்டிக்கொண்டார். பூப்போட்ட பர்சு. போகட்டும், நல்ல காரியத்துக்காக என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

முதல் கடை சேலைக் கடை. வடிவு நின்றாள். முகவாயால் ஒரு சேலையைக் காட்டினாள்.

"அதைக் கொஞ்சம் எடுங்களேன்."

"நீ எடு."

"கைதான் இப்படி இருக்கே. நீங்களே பிரிங்க. வெளிச்சத்துல பிடிங்க. ஓரத்துல எச்சி தொட்டுப் பாருங்க, சாயம் போகுதான்னு. உங்க தோள்ல போடுங்க."

அவர் 'மாட்டேன்' என்று வாயெடுக்குமுன் கடைக்காரன் அவர் தோளில் சேலையைப் போட்டுக் கொசுவமே வைத்துவிட்டான். எங்கிருந்தோ பம்மி பாபி வந்து குதித்தாள். இந்த நிறச் சேலை பாயி சாபுக்கு, அதாவது அண்ணனுக்கு, எடுப்பாக இருக்கிறது என்று ஹிந்தியில் கத்தினாள். ஒரு கூட்டமே கூடிவிட்டது.

"வேண்டாம்! நஹீ! நஹீ!" என்றார் மாணிக்கவாசகம்.

அவ்வளவுதான். பம்மி பாபி இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். நாளைக்கு இந்த அப்பாவிப் பெண் உன் ஆயுசுக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கப் போகிறாள், நீ இன்றைக்கு ஒரு சேலைக்கு நஹீ சொல்கிறாயா, மதராஸில் புருஷன்களெல்லாம் இப்படித்தானா என்று கேட்டாள். கூட்டம் முழுக்க 'ச்சீ ச்சீ' என்றது. ஒரு கிழவி வடிவின் கன்னத்தைத் தொட்டு உச்சுக்கொட்டினாள். வடிவு பச்சைக் கையை நீட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். அந்த நிற்பு இருக்கிறதே, அப்பப்பா! கல்லும் கரைந்துபோகும்.

மாணிக்கவாசகம் கழுத்தில் தொங்கின பர்சைத் திறந்தார்.

அப்புறம் அது மூடவே இல்லை. உதட்டுச்சாயக் கடையில் அவர் புறங்கையில் ஒவ்வொரு நிறமாகக் கோடு போட்டார்கள். வடிவு தள்ளி நின்று பார்த்து, "ரெண்டாவது எனக்கு, அஞ்சாவது மாடி வீட்டுச் செல்விக்கு" என்றாள். நகப்பூச்சுக் கடைக்காரன் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. களிம்புக் கடையில் அவர் பாதி முகத்துக்குப் பூசி, மீதிப் பாதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டார்கள். ஆபீஸ் சூப்பிரண்டெண்டின் சம்சாரம் வந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, டப்பா ஒன்று வாங்கிக்கொண்டு போனாள்.

கொடுமையிலும் கொடுமை என்னவென்றால், வடிவு கையால் தொட்டுப் பார்த்து வாங்குகிற காலத்தில் பத்துச் சேலையில் ஒன்பதைக் குறை சொல்லித் தள்ளிவிடுவாள். இழை பிரிகிறது, கரை கோணல், ஜரிகை மங்கல் என்று ஏதாவது கண்டுபிடிப்பாள். இவருக்கு ஒரு குறையும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. தொட்டதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. யார் எது கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே போனார்.

கடைசியில் வளையல் கடை.

"உங்க கட்டைவிரலை மடக்குனா என் கை அளவுதாங்க" என்றாள் வடிவு.

வளையல்காரி சோப்பு தடவி, முழங்காலால் முட்டுக் கொடுத்து, சிவப்புக் கண்ணாடி வளையல் நாலை அவர் கையில் ஏற்றிவிட்டாள். ஏறியது ஏறியதுதான், இறங்கவில்லை. "உடைச்சு எடுங்க!" என்று அலறினார். ஐயையோ! கர்வா சௌத்துக்கு முந்தின நாள் வளையலை உடைப்பதா! புருஷன் உயிருக்கே ஆகாதே! பெண்கள் அத்தனை பேரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். நிலா பார்க்கிறவரை போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

வீடு வந்து சேர்ந்தபோது அவருக்கு இரண்டு கையும் போதவில்லை. அக்குளில் இரண்டு பொட்டலம், பல்லில் ஒரு பை. எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சரி, எடுத்து அடுக்குங்க" என்றாள் வடிவு. கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"எங்க?"

"உங்க தட்டுலதான்."

"ஏட்டி! என் தட்டுலயா? ஏன்?"

"யாரு வாங்குதாங்களோ அவங்க தட்டுலன்னு நீங்கதானே சொன்னீங்க? பர்சைத் தொறந்தது யாரு? ரூபாயக் குடுத்தது யாரு? நான் ஒண்ணையாவது தொட்டிருக்கேனா? பம்மி பாபியக் கூப்பிட்டுக் கேளுங்க."

மாணிக்கவாசகம் எழுந்தார். வடிவு முகவாயால் காட்டக் காட்ட, தன் கோட்டையும் ஸ்வெட்டரையும் சட்டைகளையும் தன் கையாலேயே வெளியே எடுத்துப் போட்டார். சேலைகளைத் தன் கையாலேயே அடுக்கினார். சும்மா சொல்லக்கூடாது, அழகாக அடுக்கினார்.

"அப்போ என் கோட்டு?"

"அதான் யோசிக்கேன். டிரங்குப் பெட்டி நிறைய ரஜாயிப் போர்வை இருக்கு. இப்போதைக்கு நாற்காலி மேல கிடக்கட்டும்."

மறுநாள் காலை. வடிவு அவருடைய ஆயுசுக்காகப் பட்டினியாகப் படுத்துக் கிடந்தாள். அவர் தன் வாழ்க்கைக்காகப் படியேறினார். ஆத்திரத்தில் வளையல் குலுங்கியது. ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் கலியமூர்த்தி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஓய்! உம்ம பேச்சைக் கேட்டு என் தட்டே போச்சுவே! நாசமாப் போச்சு!"

கலியமூர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் மனைவி செல்வி குளிக்கப் போயிருந்தாள். சத்தமில்லாமல் கட்டிலுக்கு அடியிலிருந்து துருப்பிடித்த தகரப்பெட்டி ஒன்றை இழுத்தார். திறந்தார். அதில் அவர் சட்டை, அவர் பேன்ட், அவர் மப்ளர், மூலையில் அவர் சவர செட்.

"எனக்குப் போன வருஷமே போயிடுச்சு சார். இதே மெஹந்திதான்."

"அட படுபாவி! தெரிஞ்சேதான் எனக்குச் சொன்னீரா?"

"செல்விதான் சொல்லச் சொன்னா. உங்க வீட்டம்மா அவகிட்ட கேட்டுக்கிட்டாங்களாம். சொல்லலேன்னா இந்தப் பெட்டியையும் காலி பண்ணிடுவேன்னு நின்னா. நான் என்ன சார் பண்ணுவேன்?" அவர் கண் கலங்கிவிட்டது.

மாணிக்கவாசகம் ஓங்கிய கையை இறக்கினார். பெட்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"ஓய்... இதுல ஒரு கோட்டுக்கு மட்டும் இடம் இருக்குமாவே?"