அறுபது பொத்தான்கள்

ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் மனைவி ஐந்து நிமிடமாகத் தொலைபேசியில் பிரேத அறைக் காவலாளியோடு கதைத்துக்கொண்டிருந்தார். இணைப்பைக் கொடுத்த நாகேந்திரத்துக்கு அது தெரியாது.

"சேர் இருக்கிறாரோ?" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். இருக்கிறார், பெயர்தான் இன்னும் எழுதவில்லை, சொந்தக்காரர் இரண்டு பேர் வந்து கையெழுத்து வைத்தால் கொண்டுபோகலாம் என்று காவலாளி பணிவாகச் சொல்லியிருக்கிறான். அம்மா அழுதபடி காரில் வந்து இறங்கியபோது பணிப்பாளர் தன் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

கொட்டாஞ்சேனையில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் பதினாறு வருடமாக நாகேந்திரம்தான் தொலைபேசி ஒப்பரேட்டர். பழைய பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வயரைச் செருகுவார். தொண்ணூற்றேழாம் ஆண்டு அதைக் கழற்றிவிட்டு, சிங்கப்பூரிலிருந்து வந்த புது மெஷினை வைத்தார்கள். அறுபது பொத்தான்கள், அத்தனையும் ஒரே சாம்பல் நிறம். எண்களோ எறும்பளவு. அழைத்தவரைக் காத்திருக்க வைக்கும் பொத்தானுக்கும் இணைப்பை வெட்டும் பொத்தானுக்கும் இடையில் ஒரு நகம் நுழையாது.

மெஷினோடு அஸீஸா என்ற இளம் பொறியியலாளரும் வந்தார். மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து, நேரம் பிடித்து, பிழைகளைக் கொப்பியில் எழுதுவதுதான் அவருடைய வேலை. எப்பவும் போல வேலை செய்யுங்கள் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. நாகேந்திரம் அலுவலக லிகிதர் சிவமணியிடம் போய், இது எதற்கென்று விசாரித்தார்.

"உங்களுக்குத்தான் டெஸ்ட் அண்ணை," என்றான் சிவமணி. "பெயில் எண்டால் வீட்டை அனுப்பிப்போட்டு, கம்பியூட்டர் படிச்ச ஆரையாவது எடுப்பினம்."

வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். நாகேந்திரம் அவசரப்பட்டுப் பக்கத்துப் பொத்தான்களை அமத்தினார். முதல் நாள் முடிவில், பிரேத அறைக்குப் போன அம்மாவின் அழைப்போடு சேர்த்து, கொப்பியில் ஏழு பிழைகள்.

அன்று மாலை வெள்ளவத்தை வீட்டில், மனைவி கனகேஸ்வரியின் ஒட்டுப்பொட்டு அட்டையைச் சத்தமில்லாமல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அஸீஸா வருமுன்னரே வேலையை முடித்துவிட்டார். வெட்டும் பொத்தானுக்குச் சிவப்பு, காத்திருப்புக்குப் பச்சை, சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு நீலம்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேற்றர் மெஷினுக்கு உயிர் கொடுத்தது; மின்விசிறிக்குக் கொடுக்கவில்லை. வியர்த்த விரல்களோடு பொட்டுகள் கழன்று வந்து, வேறு பொத்தான்களில் குடியேறின. இன்றைக்கு எத்தனை பேர் என்று சத்திரசிகிச்சைக் கூடத்தைக் கேட்க நினைத்த பெரிய டொக்டருக்கு, பதினெட்டுப் பேர், எல்லாருக்கும் மீன்தான் என்று சமையலறையிலிருந்து பதில் கிடைத்தது. அன்று பதினொரு பிழைகள்.

கன்னத்தில் ஒரு சிவப்புப் பொட்டோடு வீட்டுக்குப் போனார். அது யாருடையது என்று கனகேஸ்வரி கேட்டதில் முழுக் கதையும் வெளியே வந்தது. அவள் கோபிக்கவில்லை. புதுச் சேட்டு வந்த பெட்டியின் மட்டையை வெட்டி, அறுபது கட்டம் கீறி, எல்லாவற்றையும் எழுத வைத்தாள். பிறகு சோறு போட்டபடியே பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நாகேந்திரம் இடது கையால் கட்டங்களைத் தொட்டார். படுக்கப் போகும்போது ஒன்றும் பிழையாகவில்லை.

மூன்றாம் நாள் காலை, பஸ்ஸிலும் மீட்டிக்கொள்ளலாமென்று மட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். கொழும்புக் கோட்டைக்குக் கிட்டச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள்.

"மொகத்த மே?" என்று மட்டையைக் காட்டி, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான் ஆமிக்காரன்.

ஒப்பீஸ் டெலிபோன் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். ஜெனரேற்றர், ஒக்ஸிஜன், பின்வாசல், பணிப்பாளர் அறை என்று கட்டம் கட்டமாக எழுதி, வெட்டும் பொத்தானுக்குச் சிவப்புப் புள்ளியும் வைத்திருந்த மட்டையைப் பார்த்த எவனும் அதை நம்பமாட்டான். அவரை ஒரு மர வாங்கில் இருத்திவிட்டு, சார்ஜன்ட் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்தார். அங்கே மெஷினில் இருந்தவள் நாகேந்திரத்துக்குப் பதில் ஆளாக வந்த பிறிஜெற். முதல் தடவை இணைப்பு வெட்டுப்பட்டது. இரண்டாம் தடவை பிள்ளைகள் வார்டில் ஒரு குழந்தை அழுதது. மூன்றாம் தடவை பிரேத அறைக் காவலாளி எடுத்து, ஆளின் பெயர் என்ன என்று கேட்டான்.

சார்ஜன்ட் ரிசீவரை மெல்ல வைத்தார். அந்த மெஷினுக்கு இப்படி ஒரு மட்டை கட்டாயம் தேவைதான் என்று சிங்களத்தில் சொல்லி, அதைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஒரு மணி நேரம் பிந்தி வந்து, அப்போதுதான் வந்து கொப்பியைத் திறந்த அஸீஸாவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்த நாகேந்திரம் மட்டையை வெளியே எடுக்கவேயில்லை. வரும் வழியெல்லாம் பயத்தில் அறுபதையும் முணுமுணுத்ததில் அவை விரலுக்குள் இறங்கிவிட்டிருந்தன. பெரிய டொக்டர், மருந்தகம், வெளிநாட்டு அழைப்பு, ஒரே நேரத்தில் ஐந்து விளக்குகள். எல்லாம் சேரவேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. மாலை நான்கு மணிக்கு அஸீஸாவின் கொப்பியில் அன்றைய பக்கம் வெறுமையாக இருந்தது.

பணிப்பாளர் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். நாகேந்திரத்துக்குக் கண் கலங்கியது. மூன்று நாளில் முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் பாஸோ, பிள்ளை?"

அஸீஸா கொப்பியை மூடி, பாவமாக அவரைப் பார்த்தார்.

"ஒங்கள ஆரு அங்கிள் டெஸ்ட் பண்ணின? மெஷினத்தான் பண்ணின, மொத ரெண்டு நாள் பிழைகளப் பாத்து அதத் திருப்பி அனுப்பக் கடிதமும் டைப் பண்ணி வச்சிருந்தோம், இன்டெக்கி நீங்க பாஸாக்கி உட்டுட்டீங்க, இனிப் பத்து வருஷத்துக்கு ஒங்களுக்கு இதுதான்."