பதிவு அலுவலகம் விடுதலை அடைந்த வரலாறு

மனித குலத்தின் கடைசி விடுதலை, எங்கள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நிகழ்ந்தது. பதினொன்று பன்னிரண்டாகவும் இருக்கலாம். என் நாட்குறிப்பில் இரண்டுமே இருக்கின்றன. ஒன்றை அடித்திருக்கிறேன், பிறகு அடித்ததையும் அடித்திருக்கிறேன்.

அன்றுதான் எங்கள் பதினாறு கணினிகளிலும் லினக்ஸ் இயங்குதளம் ஏறியது. சான்றிதழ் அச்சிடுவதற்கும் ஒரு கட்டற்ற மென்பொருள் வந்து சேர்ந்தது. நான் இளநிலை எழுத்தர். மாலையில் கணினி வகுப்புக்குப் போகிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

லினக்ஸின் சின்னமாகத் திரையில் தோன்றிய பெங்குவினைக் கண்காணிப்பாளர் வெகுநேரம் பார்த்தார்.

"கோட்டு போட்டுக்கிட்டு எவ்வளவு நிமிர்ந்து நிக்குது பாருங்க. அதிகாரின்னா இப்படி இருக்கணும்."

மென்பொருளின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், 'திறந்த மூல அலுவலகம்' என்று வாசலில் பலகை வைக்கலாம் என்றேன். காற்றடைத்த ரப்பர் வளையத்தின் மேல் உட்கார்ந்திருந்த தலைமை எழுத்தர் மட்டும் ஆட்சேபித்தார்.

"மூலம்னு எழுதாதம்மா. படிக்கிறவங்க எல்லாம் என்னையே பார்ப்பாங்க. பலகையை அப்புறம் பார்க்கலாம்."

எதையும் அப்புறம் பார்ப்பவர் என்பதால் அவருக்கு அலுவலகத்தில் 'அப்புறம்' என்றே பெயர்.

கட்டற்ற மென்பொருளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று எங்கள் மாலை வகுப்பு ஆசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் எழுதி, அடிக்கோடு போட்டிருந்தேன். அதைக் கண்காணிப்பாளரிடம் காட்டினேன். நான்கு சுதந்திரங்களையும் அவர் உடனே நடைமுறைப்படுத்தினார். ஒவ்வொரு சுதந்திரத்துக்கும் ஒரு குழு அமைத்தார். நான்குக்கும் தலைவர் அவரே. உறுப்பினர், அப்புறம்.

யாரும் 'படிக்கலாம்' என்பதற்காக நிரல் முழுவதையும் அச்சிட்டுப் பதினான்கு தொகுதிகளாகக் கட்டி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். சாவி அப்புறத்திடம். இப்படி ஒரு பாதுகாப்பான சுதந்திரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

திறப்பு விழாவில் சோதனைக்காக ஒரு பதிவு போட வேண்டியிருந்தது. "முதல் பதிவு, வரலாற்றுல நிக்கும். என் பேரைப் போடும்மா," என்றார் கண்காணிப்பாளர். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் 'சோதனை' என்று அடித்தேன். தந்தையின் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரையும், தந்தையின் தொலைபேசி எண்ணாக அவர் வீட்டு எண்ணையும் அடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுவாரம் ஒரு தையல்காரம்மா வந்தார். ஐந்து வயது மகளும் கூட வந்திருந்தாள். முதுகில் புத்தம் புதிய பள்ளிப் பை. உள்ளே எதுவும் இல்லாததால் தொளதொளவென்று தொங்கியது. பள்ளியில் சேர்க்கக் கணினிச் சான்றிதழ் வேண்டும். பழைய பதிவேட்டில் அந்தக் குழந்தைக்குத் தந்தை பெயர் இல்லை. அந்த இடத்தில் சின்னக் கோடு இருந்தது. சட்டப்படி அது போதும். எங்கள் மென்பொருளுக்குப் போதவில்லை. 'தந்தையின் பெயர் தேவை' என்று சிவப்பில் சொல்லிவிட்டு நின்றுகொண்டது.

"இதுக்கு நான் எங்க போறது தங்கச்சி?" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்ததும் அவரே சமாதானமும் சொன்னார். "சரி விடு. கடைசி நாளுக்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு. அவசரமில்ல."

அன்று மாலை வகுப்பில் உட்கார்ந்து நிரலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. அதை மாற்றினால் காலி இடத்தில் கோடு விழும். மூன்று நிமிடத்தில் முடிந்தது. சரியாக இருக்காது என்று நினைத்து ஏழு முறை சோதித்தேன். ஆசிரியரும் பார்த்து, "சரியாத்தான் இருக்கு. நாளைக்கே போட்டுடு," என்றார். பென் டிரைவில் ஏற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

நாளைக்கே போட்டுவிட நான் என்ன பொறுப்பற்றவளா? மாற்றக் குழுவுக்கு முறைப்படி விண்ணப்பித்தேன்.

குழு ஆழமாக விவாதித்தது. "யார் வேண்டுமானாலும் மாத்தலாம்னு இருக்கு. சரி. ஆனா அந்த 'யார்' யாரு? என்ன கிரேடு?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"போடலைங்க சார்," என்றேன்.

"கிரேடு இல்லாத ஆளு எப்படி மாத்துவாரு? நாளைக்கு ஒண்ணுன்னா யாருக்கு மெமோ குடுக்கிறது?"

"அப்புறம் பார்க்கலாம்," என்றார் அப்புறம்.

'யார்' என்பதற்கு விளக்கம் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் போனது. 'விளக்கம் எதற்கு என விளக்கவும்' என்று பதில் வந்தது. விளக்கினோம். இப்படிப் பத்து வாரம் ஓடியது. தையல்காரம்மா ஆறு முறை வந்தார். ஆறு முறையும் அந்தத் தொளதொளப் பை கூடவே வந்தது. நான் பென் டிரைவ் பையில் இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது.

பதினோராம் வாரம் செவ்வாய்க்கிழமை அவர் சத்தம் போட்டார். "வெள்ளிக்கிழமை கடைசி நாள் சார்! இவளைப் பெத்ததுக்கு நான் ஒருத்தி இங்க நிக்கிறேன், பத்தாதா?"

அப்புறத்துக்கே மனம் இளகிவிட்டது. "நிரலைத்தானே தொடக்கூடாது? செட்டிங்ஸ் பக்கத்துல ஒரு டிக் இருக்கே. காலியா விட்டா முதல் பதிவுல இருக்கிறதே தானா விழும். டிக் அடிக்கக் குழு தேவையில்லை."

"முதல் பதிவு சோதனைப் பதிவு சார்."

"சோதனைதானே? அது யாரை என்ன பண்ணப் போகுது? அடிம்மா."

அடித்தேன். ஆனால் நான் முறை தவறாதவள். 'முதல் பதிவில் தந்தையாக உள்ளது தங்கள் பெயரே. தொலைபேசி எண்ணும் தங்களுடையதே' என்று கோப்பின் நாற்பத்தாறாம் பக்கத்தில் எழுதிக் கண்காணிப்பாளருக்கு அனுப்பினேன். அவர் 'பார்த்தேன்' என்று கையெழுத்திட்டார். அன்றிலிருந்து அப்படி அச்சான பத்தொன்பது சான்றிதழ்களிலும் அதே வேகத்தில் கையெழுத்திட்டார். தையல்காரம்மா உறையைப் பிரிக்கக்கூட நேரமில்லாமல் ஓடினார்.

திங்கட்கிழமை காலை கண்காணிப்பாளரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமை ஒரே நாள்ல ஏழு போன். எல்லாம் பள்ளிக்கூடத்துல இருந்து. 'பிள்ளையோட அப்பா நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்'னு. ராங் நம்பர்னு வெச்சுக்கிட்டே இருந்தேன். ஏழாவது ஆளு பேரைச் சொன்னாரு. உங்க பேரு!"

"இந்தா பாரு, இது கம்ப்யூட்டர்..."

"நமக்கு ஒண்ணு போதும்னு சொன்ன மனுஷனா நீங்க?"

கண்காணிப்பாளர் என் பக்கம் திரும்பினார். பத்து வாரமாக மேலிடத்தால் விளக்க முடியாததை அரை நொடியில் விளக்கினார்.

"அந்த 'யார்' நீதாம்மா! மாத்து!"

பென் டிரைவைச் செருகினேன். மூன்று நிமிடம். பத்தொன்பது குழந்தைகளின் தந்தை இருந்த இடத்தில் பத்தொன்பது கோடுகள் விழுந்தன. கண்காணிப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தியா? மூணே நிமிஷம்! கட்டற்ற மென்பொருளோட மகிமை இதுதான். உடனே ஒரு வெற்றி அறிக்கை தயார் பண்ணு. மேலிடத்துக்கு அனுப்பணும்."

அப்போது தையல்காரம்மா வந்தார். மகளும் வந்திருந்தாள். முதுகில் பை இல்லை. புதிய சான்றிதழை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுபோச்சு தங்கச்சி. அப்பாவைக் கூட்டிட்டு வான்னாங்க. எங்கேயிருந்து கூட்டிட்டுப் போறது? அடுத்த வருஷம் பார்க்கலாம்னுட்டாங்க." என் கையிலிருந்த சான்றிதழின் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. எப்ப சரி பண்ணுன?"

பொய் சொல்ல நினைத்தேன். ஆனால் தேதி போட்டு எழுதும் பழக்கம் என்னை விடவில்லை.

"நீங்க முதல்ல வந்தீங்களே அக்கா, அன்னைக்கு சாயங்காலம்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அதே மென்பொருளில் இருந்த அறிக்கைப் படிவத்தைத் திறந்து, வெற்றி அறிக்கைக்கு உட்கார்ந்தேன். நான்கு சுதந்திரங்கள், நான்கு குழுக்கள், பதினான்கு தொகுதிகள் என எல்லாவற்றையும் மனமாரப் புகழ்ந்தேன். திருத்தம் எழுத ஆன காலம்: மூன்று நிமிடம். போட ஆன காலம்: பதினோரு வாரம். கடைசியில் ஒரு பெட்டி: 'தாமதத்துக்குப் பொறுப்பானவர் பெயர்.' அலுவலக வழக்கப்படி காலியாக விட்டேன். மென்பொருள் ஏற்கவில்லை. சிவப்பில், 'பெயர் தேவை' என்றது.

அந்த வரியையும் மூன்று நிமிடத்தில் மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. முதலில் என் பெயரை அடித்தேன். பிறகு கண்காணிப்பாளர் பெயர். பிறகு அப்புறத்தின் முழுப் பெயர்.

கண்காணிப்பாளர் 'பார்த்தேன்' என்று கையெழுத்திட்டார். அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டது.