மூன்று மிதி

இத்தனை வருடத் தொழிலில் என் கைகள் எத்தனையோ பேரை எழுப்பி நடக்க வைத்திருக்கின்றன. பெருமைக்காகச் சொல்லவில்லை. அடுத்துச் சொல்லப்போவதை முன்கூட்டியே கொஞ்சம் ஈடுகட்டி வைக்கிறேன், அவ்வளவுதான். நன்றாக நடந்துகொண்டிருந்த, நடப்பதென்ன, ஓடிக்கொண்டிருந்த ஒருவனைப் படுக்கையில் போட்டதும் நான்தான். அது கையால் அல்ல, காலால்.

நான் பிறக்கும்போது கால்கள் முதலில் வந்தன, தலை கடைசியாக வந்தது. (தலைக்கு இன்றும் அதே பழக்கம்தான். எல்லாம் முடிந்த பிறகே வேலைக்கு வரும்.) அப்படிப் பிறந்தவன் காலால் மூன்று தரம் மிதித்தால் சுளுக்கு, பிடிப்பு எல்லாம் பறந்துவிடும் என்று எங்கள் அஸ்தினாபுரத்தில் படித்தவர்களும் நம்பினார்கள். நாலு வயதிலிருந்து தெருவில் யாருக்கு இடுப்பு பிடித்தாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். அவர்கள் குப்புறப் படுப்பார்கள், நான் ஏறி மிதிப்பேன், ஒரு முறுக்கு கிடைக்கும். எதிர் வீட்டு சுந்தரம் சார், தபால் ஆபீஸில் இருந்தவர், வருடத்துக்கு இரண்டு முறை என் வாடிக்கையாளர்.

பிளஸ் டூ முடிந்தபோது எனக்கு எம்.பி.பி.எஸ். மயிரிழையில் தவறிவிட்டதாக அப்பா எல்லோரிடமும் சொன்னார். அந்த மயிரிழை எவ்வளவு நீளம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கவுன்சலிங் ஹாலில் எங்கள் முறை வந்ததும், மீதியிருந்த படிப்புகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு அப்பா என்னைப் பார்த்தார்.

"சீக்கிரம் சொல்லுடா. எது?"

"பிசியோதெரபி."

"அதுல என்ன பண்ணுவாங்க?"

அது எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட் மேட்ச்சில் பேட்ஸ்மேன் சுருண்டு விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடிவருவாரே, மைதானம் முழுக்க அவரையே பார்க்குமே, அவர்தான் பிசியோ என்பது மட்டுமே. ரன் எடுக்க வேண்டாம், விக்கெட் எடுக்க வேண்டாம், ஆனாலும் டிவியில் வரலாம். இதை வைத்துத்தான் ஐந்து நிமிடத்தில் ஒரு வாழ்க்கையை முடிவு செய்தேன்.

அம்மா அன்று மாலையே தெருவுக்கு அறிவித்துவிட்டாள்: "டாக்டருக்குப் படிக்கிறான்." அப்பாவுக்கு வேறு திட்டம் இருந்தது. ஒரு வருடம் ஒப்பேற்றிவிட்டு மறுபடி என்ட்ரன்ஸ் எழுதச் சொல்ல வேண்டும்.

இனி ஏழுமலை. மாடம்பாக்கத்தில் வீடு, பள்ளியில் ஆறு வருடம் என் பக்கத்து இருக்கை. கடலோர ஊரிலிருந்து வந்த குடும்பம். அவன் அம்மா அஞ்சலை அக்காதான் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருவார். அக்காவுக்கு ஒரே கனவு, மகன் காக்கிச் சட்டை போட வேண்டும். ஏழுமலை போலீஸ் கான்ஸ்டபிள் எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டான். ஓட்டம், கயிறு, நீளம் தாண்டுதல் பாக்கி. அதற்கு இன்னும் மூன்று வாரம். விடியற்காலையில் மாடம்பாக்கம் கோயிலைச் சுற்றி அவன் ஓடுவதைப் பார்த்தால், பின்னால் ஏதோ துரத்துகிறது என்று தோன்றும்.

அந்தக் கோடையில் ஏரி காய்ந்து பிளந்து கிடந்தது. ஏரி காய்ந்தால் எங்களுக்கு அது கிரிக்கெட் ஸ்டேடியம். எங்கள் அணிக்கும் பீர்க்கன்கரணை அணிக்கும் ஞாயிற்றுக்கிழமை மேட்ச். ஏழுமலைதான் எங்களுடைய ஒரே உருப்படியான பேட்ஸ்மேன். அவனை அழைக்கப் போனது நான்.

"வேணாம் மச்சான். மூணு வாரத்துல பிசிக்கல் கீது. எங்கம்மா பேட்டை கண்ணுலயே காட்டாதேன்னு சொல்லிகினு கீது."

"அடிபட்டா நான் எதுக்குடா இருக்கேன்? டீம் பிசியோ!"

"நீ காலேஜி சேந்தே எட்டு மாசம்தானடா ஆவுது?"

"எட்டு மாசத்துல எலும்பு பூரா முடிஞ்சிடுச்சு."

பச்சைப் பொய். தொடை முடிந்திருந்தது, முழங்கால் போன வாரம் முடிந்தது. கணுக்கால் அடுத்த வாரம்தான் நடத்துவதாக இருந்தார்கள். ஏழுமலை சிரித்தான், பேட்டை எடுத்துக்கொண்டான்.

அப்பாவின் பழைய ரெக்சின் பையில் கிரேப் பேண்டேஜ், வலி ஸ்பிரே, கோணம் அளக்கும் பிளாஸ்டிக் ஸ்கேல், ஒரு பிளாஸ்க் நிறைய ஐஸ் எல்லாம் எடுத்து வைத்தேன். முதல் நாள் மொட்டை மாடியில் அந்தப் பையோடு ஓடிக்கூடப் பழகினேன். (வேகமாக ஓடினால் பதற்றம் தெரியும், மெதுவாக ஓடினால் அலட்சியம் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓட்டம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பதினேழு சுற்று ஆனது.) மேட்ச் தொடங்கியதும் பையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது: பதினொரு பேரில் ஒருவனாவது விழ மாட்டானா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். லேசாக விழுந்தால் போதும் என்றுதான் வேண்டினேன். யார் விழ வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இடைவேளையில் எலுமிச்சை ஜூஸ் வெதுவெதுவென்று இருந்ததால் பிளாஸ்க்கிலிருந்த ஐஸைக் கொட்டினார்கள். நானும் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

பத்தாவது ஓவர். இரண்டாவது ரன்னுக்குத் திரும்பிய ஏழுமலையின் இடது கால் ஏரி வெடிப்பில் சிக்கியது. கால் நின்றது, அவன் நிற்கவில்லை.

நான் ஓடினேன். பழகிய ஓட்டம் மறந்துவிட்டது. பாதி வழியில் பை திறந்துகொண்டு பேண்டேஜ் ஒரு பக்கம், ஸ்கேல் ஒரு பக்கம். ஆனால் மைதானமே என்னைப் பார்த்தது. அந்த ஆசை நிறைவேறியது.

"ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள வலி எவ்ளோடா?"

"டேய், இன்னாடா லாட்டரி சீட்டு மாதிரி நம்பர் கேட்டுகினு... வலிக்குதுடா!"

கணுக்கால் பன் மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. ஐஸ் வைக்க வேண்டும் என்று தெரியும். ஐஸ் என் வயிற்றில் இருந்தது. அசைக்காமல் கட்டி எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதும் அரைகுறையாகத் தெரியும். "தெரியாத இடத்துல கை வைக்காதீங்க" என்று எங்கள் அனாடமி மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். அதைச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தபோதுதான் அம்பயராக நின்ற சுந்தரம் சார் முன்னால் வந்தார்.

"என்னடா ஸ்கேலை வச்சுகிட்டு நிக்கிற? காலால பொறந்தவன்டா நீ! என் இடுப்பையே எடுத்து விட்டவன். மூணு மிதி மிதி, சரியாப் போயிடும்!"

சுற்றி நின்ற இரண்டு அணியும் ஒன்று சேர்ந்தது. "மிதிடா! மிதிடா!" கைதட்டல் வேறு. எனக்கு அதுவரை யாரும் கைதட்டியதே இல்லை.

ஏழுமலை என் சட்டையைப் பிடித்து இழுத்தான். முகமெல்லாம் வியர்வை.

"மச்சான், எதுனா பண்ணுடா. மூணு வாரம்தான் கீது. உன்ன நம்பித்தான் வந்தேன்."

அந்த ஒரு வார்த்தைக்காவது நான் பயந்திருக்க வேண்டும். எனக்கோ நெஞ்சு விரிந்தது. செருப்பைக் கழற்றினேன். (மரியாதை தெரிந்தவன் பாருங்கள்.) இங்கிலீஷில் அந்த எலும்பின் பெயர் என்று நான் நம்பிய ஒன்றைச் சத்தமாகச் சொன்னேன். பிறகு மிதித்தேன்.

முதல் மிதியில் அவன் பல்லைக் கடித்தான். இரண்டாவது மிதியில் ஒரு சத்தம் வந்தது. முற்றலா என்று பார்க்க வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பார்களே, அந்தச் சத்தம்.

"கேட்டுச்சா? சுளுக்கு எடுத்துட்டான்!" என்றார் சுந்தரம் சார். ஏரி முழுக்க விசில்.

அந்த விசிலுக்குத்தான் மூன்றாவது மிதி.

ஏழுமலை கத்தவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், கண்கள் மேலே செருக அப்படியே சாய்ந்தான்.

ஆட்டோவில் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "விழுந்ததுல லேசா ஒரு விரிசல்தான் வந்திருக்கணும். அது விலகியிருக்கே. மேல ஏதாவது விழுந்துச்சா?"

அறையில் எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"தம்பி என்ன படிக்கிறீங்க?"

"பிசியோதெரபி, சார். ஃபர்ஸ்ட் இயர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை. "ஆறு வாரம் மாவுக்கட்டு" என்று மட்டும் சொன்னார்.

ஆறு வாரம். பிசிக்கலுக்கு மூன்று வாரம். 

அஞ்சலை அக்கா விற்பனையைப் பாதியில் விட்டு ஓடிவந்தார். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மகனைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, டாக்டருக்குப் பட்சிகினு கீறேன்னு உங்கம்மா சொல்லிச்சு. மிதிக்கிறதுக்கா காலேஜி வெச்சிகிறானுங்க?"

"அக்கா..."

"எம்புள்ள ஓடி ஓடி கால தேச்சிகினு இருந்தான். ஒரே நாள்ல ஒட்ச்சிட்டியே கண்ணு."

அந்த 'கண்ணு'வை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டில் அப்பா, "மறுபடி என்ட்ரன்ஸ் எழுது. இந்தப் படிப்பு உனக்கு வேணாம், ஊருக்கும் வேணாம்" என்றார். நியாயம்தான். விண்ணப்பத்தைக்கூட நிரப்பிவிட்டேன். அக்கா எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் கேட்டுக்கு வெளியே நின்றே குரல் கொடுப்பார்: "அம்மா, மீனு! உம்புள்ள வூட்ல கீதா? கீதுன்னா நான் தெருமுனைல நிக்கிறேன், நீ வா."

கட்டுப் பிரித்த அன்று போனேன். கால் முருங்கைக்காய் மாதிரி இளைத்து, பாதம் பலகையாக விறைத்திருந்தது. மடக்கச் சொன்னால் மடங்கவில்லை. டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்: பிசியோதெரபி.

ஏழுமலை சீட்டை என்னிடம் நீட்டினான். "இன்னா எழுதிகிறாருன்னு பாரு. உன் பேரத்தான் எழுதிகிறாரு."

"நான் வேணாம்டா. எங்க சீனியர் ஒருத்தர் இருக்காரு..."

"ஒட்ச்சது நீ. ஒட்டவும் நீயே வா. ஆனா ஒரு கண்டிஷன். சம்மணம் போட்டுத்தான் உக்காரணும். கால் ரெண்டும் எனுக்குத் தெரியாத எடத்துல இருக்கணும்."

என்ட்ரன்ஸ் விண்ணப்பம் அனுப்பாமலே அலமாரியில் கிடந்தது. நான் இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தது அப்போதுதான். கவுன்சலிங் ஹாலில் செய்தது வெறும் வாய்ச் சவடால். தினமும் காலேஜ் போகும் முன் மாடம்பாக்கம் போவேன், சம்மணம் போட்டு உட்காருவேன். கால்விரலால் கோலிகுண்டு பொறுக்கச் சொல்லுவேன், துண்டை இழுக்கச் சொல்லுவேன். எங்கள் வகுப்பில் கணுக்காலை என்னைப் போல் யாரும் படித்ததில்லை. அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண். அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஏழுமலை நடந்தான். பிறகு ஓடினான். அடுத்த செலக்ஷன் வந்தபோது நானும் மைதானத்துக்கு வெளியே கம்பியைப் பிடித்து நின்றேன். கடைசிச் சுற்றில் இடது கால் இழுத்தது. சில நொடிகள்தான் பிந்தினான். அதற்கடுத்த செலக்ஷன் வரப் பல வருடம் ஆனது, அதற்குள் அவனுக்கு வயது தாண்டிவிட்டது.

இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் மீன் கடை வைத்திருக்கிறான். நன்றாகத்தான் போகிறது. முதல் தடவை அவனோடு எழுத்துத் தேர்வில் பாஸான ஒருவர் கேம்ப் ரோடு சிக்னலில் ஏட்டாக நிற்பார். தாண்டும்போதெல்லாம் ஏழுமலை வண்டியிலிருந்தே ஒரு சல்யூட் அடிப்பான். பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் அந்த நேரம் பார்த்துச் செருப்பு வாரைச் சரிசெய்வேன்.

என் வீட்டில் மிக்ஸி நின்றாலும் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் மனைவி, "அப்பாவைக் கூப்பிடு, மூணு மிதி மிதிக்கட்டும்" என்பாள். பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து இந்தக் கதையை முழுசாகச் சொன்னவன் ஏழுமலைதான்.

என் கிளினிக் வாசல் சுவரில் 'செருப்பை வெளியே விடவும்' என்று எழுதியிருக்கும். திறப்பு விழாவுக்கு வந்த ஏழுமலை அதற்கு மேலே கரித்துண்டால் ஒரு வரி சேர்த்தான்: 'டாக்டர் காலையும்.' ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சுவருக்கு வெள்ளையடிப்பேன், வரி மறையும். மறுநாள் கடையை மூடிவிட்டு வந்து புதிதாக எழுதிவிட்டுப் போவான். புதிதாக வரும் நோயாளிகள் அர்த்தம் கேட்பார்கள். நானே சொல்லுவேன், அவர்கள் சிரிப்பார்கள், வலி கொஞ்சம் குறையும்.

நான் சிரிப்பது அவன் எழுதத் தொடங்கும் வரைக்கும்தான். சுவரில் அந்த இடம் கொஞ்சம் உயரம். எட்டுவதற்கு அவன் நுனிக்காலில் எம்புவான். வலது குதிகால் முழுசாக எழும்பும். இடது குதிகால் இரண்டு விரற்கடை கீழேயே நின்றுவிடும். நாற்காலியில் சம்மணம் போட்டபடி, ஒவ்வொரு வருடமும், நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.